பலகையின் கடைமுனையில் பள்ளம் விழுந்தால்: சர்ஃபேஸ் பிளேனரைச் சரிசெய்தல்

பலகையின் முகத்தைச் சமமாக இழைக்கும் இயந்திரமான சர்ஃபேஸ் பிளேனரில் இழைத்த பலகையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் பள்ளம் விழுந்தால், பின்மேசை (கத்தியைக் கடந்து வரும் பலகையைத் தாங்கும் மேசை) கத்தியின் உச்சத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பலகையின் முன்முனை கத்தியைக் கடந்ததும் மேசை விளிம்பில் முட்டி நின்றால், பின்மேசை உயர்ந்திருக்கிறது.

முதலில் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்மேசையின் மீது நேரான மரச்சட்டம் ஒன்றைக் கத்தி உருளைக்கு மேல் நீட்டியவாறு வைத்து, உருளையைக் கவனமாகக் கையால் சுழற்றும்போது, ஒவ்வொரு கத்தியும் சட்டத்தைத் தூக்காமல் அதன் அடியை உரசும் ஓசை மட்டும் கேட்க வேண்டும். இதை இரு ஓரங்களிலும் நடுவிலும் பாருங்கள். எல்லாக் கத்திகளும் ஒரே அளவில் உரசாவிட்டால் மேசையைத் தொட வேண்டாம். கத்திகளைச் சமப்படுத்துவதே முதல் வேலை. அதன்பின் பின்மேசையைத் தேவைக்கேற்ப உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்து, அதை அசையாமல் பிடிக்கும் பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே மேசை சற்று நகர்ந்துவிடக்கூடும் என்பதால், இறுக்கிய பின் மறுபடியும் சோதித்து, கழிவுப் பலகை ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.