மான் எதிரே நிற்கும்போது துப்பாக்கியின் விசையை அழுத்துவது எப்படி?

போன வருடம் ஏப்ரல். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் செம்மான்கள் கத்தும் பருவம். முந்தைய வாரம்தான் சுடுதளத்தில் 100 மீட்டரில் 5 தோட்டாவையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்படி சுட்டிருந்தேன். மலையில் 80 மீட்டரில் ஓர் ஆண் மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. சுட்டேன். அதன் வயிற்றுக்குக் கீழே புல்லில் மண் தெறித்தது. மான் போயே போய்விட்டது.

ஸ்கோப் (ரைஃபிள்மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி) நகர்ந்துவிட்டதோ என்று மறுநாள் சோதித்தேன். அது அப்படியே இருந்தது. தப்பு என் விரலில்.

லைசென்ஸ், அனுமதிச் சீட்டு, ஸ்கோப்பை சீரோ செய்வது (குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்வது) இதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே கதை வேறு. மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை, காட்டை மேய்ந்து அழிப்பவை. நம் வரையாட்டின் உறவான இமயமலைத் தார் ஆட்டைக்கூட 1904-ல் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மலை முழுக்க அதுவும் தொல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. விரல்

ஆள்காட்டி விரலின் நுனிச் சதையின் நடுப்பகுதி விசைமேல் இருக்கட்டும். விரல் மடிப்பு வரை உள்ளே போனால் குழலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். எதிரே இருப்பது மான்தான் என்று துளி சந்தேகமில்லாமல் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்து முடிக்கும்வரை விரல் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியேதான். மான் என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்ட சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன.

2. தாங்கல்

நின்றபடி சுடாதீர்கள். முதுகுப்பையைக் கீழே போட்டு, அதன்மேல் ரைஃபிளை வைத்துப் படுங்கள். புல் உயரமாக இருந்தால் உட்கார்ந்து ஊன்றுகுச்சியில் வையுங்கள். அவ்வளவுதான்.

3. அழுத்தம்

நான் சறுக்கியது இங்கேதான். சுடுதளத்தில் எல்லோரும் சொல்லித் தருவது: வெடிப்பது உனக்கே தெரியாதபடி மெல்ல மெல்ல அழுத்து. மேசையும் மணல் மூட்டையும் இருந்தால் அது சரி. மலை ஏறி மூச்சு வாங்கும்போது ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக்கோடு நிற்காது, மானின் உடம்பில் எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும். அது தோளைக் கடக்கும் நொடியைப் பிடிக்கப் பார்ப்போம். "இப்போ!" என்று மனம் கத்தும், விரல் வெடுக்கென்று இழுக்கும், முழுக் கையும் கூடவே இறுகும். தோட்டா மண்ணுக்குத்தான் போகும்.

நொடியைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மானின் நெஞ்சில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு அந்தத் தட்டுக்குள் ஆடினால் ஆடட்டும். மூன்று முறை நன்றாக மூச்சு விட்டு, மூன்றாவதில் பாதியில் நிறுத்தி, அழுத்தத் தொடங்குங்கள். கோடு தட்டைவிட்டு வெளியே போனால் அழுத்தத்தை அதே அளவில் நிறுத்துங்கள், விட்டுவிடாதீர்கள். உள்ளே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஐந்தாறு விநாடியில் வெடிக்கவில்லையென்றால் விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நினைத்துப் பாருங்கள். சொட்டு எப்போது விழும் என்று தெரியாது, ஆனால் அழுத்திக்கொண்டே இருப்போம். படக்கென்று அழுத்தினால் மருந்து கன்னத்தில்தான் ஓடும்.

4. வெடித்த பிறகு

விசையை உடனே விடாதீர்கள். பின்னுக்கு அழுத்தியபடியே, கண்ணைத் திறந்து ஸ்கோப்பில் மானைப் பாருங்கள். அப்புறம்தான் அடுத்த தோட்டாவுக்காக போல்ட்டை இழுப்பது.

வீட்டில் பழக

ரைஃபிள் காலி என்று இரண்டு தடவை பாருங்கள், தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும், குழல் பாதுகாப்பான திசையில். போலித் தோட்டா போட்டு, ஸ்கோப்பின் மேல்மூடியில் ஒரு 10 சென்ட் நாணயத்தை வையுங்கள். விசையை அழுத்துங்கள். 'டிக்' சத்தத்துக்குப் பிறகும் நாணயம் விழக்கூடாது. தினமும் 20 தடவை போதும். அதில் பாதியாவது மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது. முதல் நாள் என் நாணயம் ஏழு முறை விழுந்தது.

இன்னொரு சோதனை: சுடுதளத்தில் நண்பர் ஒருவரை, உங்களுக்குத் தெரியாமல் சில சமயம் போலித் தோட்டாவைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெடிக்காதபோதும் குழல் முனை கீழே குனிந்தால் நீங்கள் உதைக்கு (சுடும்போது ரைஃபிள் தோளில் பின்னோக்கி இடிப்பது) பயந்திருக்கிறீர்கள். நான் நன்றாகவே குனிந்தேன். மரியாதையாக உதை அதிகமான .300 மேக்னம் ரைஃபிளை விற்றுவிட்டு, உதை குறைவான 7எம்எம்-08 தோட்டா ரைஃபிளுக்கு மாறினேன். மான் வேட்டைக்கு அதற்கு மேல் எதற்கு? குழல் முனையில் சப்ரஸரும் (சத்தம் குறைப்பான்) மாட்டினேன், இங்கே அது சட்டப்படி சரி. சத்தமும் உதையும் குறைந்தால் பாதிப் பயம் போய்விடும்.

விசை எடை, அதாவது விசையை இழுக்கத் தேவையான அழுத்தம்? என் டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளில் சுமார் 1 முதல் 2 கிலோ வரை மாற்றலாம். நான் ஒன்றரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அரைக் கிலோ விசை சுடுதளத்துக்கு அழகு, விறைத்த விரலுக்கு ஆபத்து.

பிற்சேர்க்கை: கையுறை போட்டால் விசையே தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உண்மைதான், எழுதும்போது மறந்துவிட்டேன். என் வலது கம்பளிக் கையுறையில் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை கத்தரித்து, பிரியாமல் இருக்க ஓரத்தைத் தைத்துக்கொண்டேன். சுடும்வரை அந்த விரல் சட்டைப்பைக்குள்.