வெங்காய வேர் நுனியில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி

பாடப்புத்தகப் படத்தில் ஒரே செல் வரிசையாக ஐந்தாறு நிலைகளைக் கடந்து இரண்டாகிறது. ஸ்லைடில் அந்த வரிசை கிடைக்காது. அங்கே இருப்பது ஒரே நொடியில் உறைந்துபோன ஒரு கூட்டம். பெரும்பாலான செல்கள் இடைநிலையில், அதாவது இரண்டு பிரிதல்களுக்கு நடுவிலான காலத்தில் இருக்கும், சில பிரிதலின் தொடக்கமான புரோபேஸில் இருக்கும், அங்கொன்று இங்கொன்றாக குரோமோசோம்கள் இரண்டாக விலகும் அனாபேஸ் தென்படும். 1882-இல் இந்தச் செல் பிரிதலுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்த வால்தர் ஃபிளெமிங்கும் சாயமேற்றிய இறந்த செல்களைத்தான் பெரிதும் பார்த்தார். எது முன், எது பின் என்று அவற்றை வரிசைப்படுத்தியதுதான் அவருடைய பெரிய வேலை. நீங்கள் செய்யப்போவதும் அதுவே.

செய்முறை முழுவதும் நான்கு வேலைகளில் அடங்கும்: நிறுத்துதல், நெகிழ்த்துதல், நிறமேற்றுதல், நசுக்குதல். ஸ்லைடு சரியாக வரவில்லை என்றால் இந்த நான்கில் ஒன்று பிசகியிருக்கும்.

வேர் வளர்த்தல்

உறுதியான, அழுகாத சிறு வெங்காயமாகப் பாருங்கள். காய்ந்த வெளித்தோலை உரித்து, அடியில் உள்ள பழைய காய்ந்த வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். வேர் கிளம்பும் வளையத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வாய் குறுகிய கண்ணாடிக் குப்பியில் நீர் நிரப்பி, வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி வையுங்கள். பாதி வெங்காயம் மூழ்கினால் வேருக்கு முன்னால் அழுகல்தான் வரும். நீரைத் தினமும் மாற்றுங்கள். தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைந்தால் நுனியில் பிரியும் செல்கள் குறைந்துபோகும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை போதும். இரண்டு முதல் நான்கு நாளில் 1 முதல் 2.5 செ.மீ. நீள வேர்கள் கிடைக்கும். உறக்கநிலையில் உள்ள வெங்காயம் ஒரு வாரமானாலும் வேர் விடாது என்பதால், மூன்று நான்கை ஒன்றாகவே வைத்துவிடுங்கள். நுனி வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருக்கும் வேர்தான் வேண்டும். பழுப்பேறிய நுனியால் பயனில்லை.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதற்கு 16 குரோமோசோம்கள்தான், அவை பெரியவையும் கூட. பூண்டுக்கும் 16. அதுவும் நன்றாக வேலை செய்யும்.

நிறுத்துதல்

வேரை வெட்டிய நொடியிலிருந்து செல்கள் நிலைகுலையத் தொடங்கும். அதனால் பதப்படுத்தும் திரவத்தை முதலில் தயாராக வைத்துக்கொண்டு பிறகு வெட்டுங்கள். எத்தில் ஆல்கஹால் 3 பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. இதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கலந்து வைத்தால் ஆல்கஹாலும் அமிலமும் வினைபுரிந்து எஸ்டராக மாறி, திரவம் வலுவிழக்கும். வேர்களின் பருமனைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு திரவம் இருக்கட்டும். நுனியோடு சேர்த்து 1 செ.மீ. வெட்டி உடனே அதில் போட்டு, மூடி 24 மணி நேரம் வையுங்கள். அதன்பின் உடனே பயன்படுத்தப் போவதில்லை என்றால் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

எந்த நேரத்தில் வெட்டுவது? காலை 8 முதல் 11 மணிக்குள் என்று ஆய்வகக் கையேடுகள் சொல்கின்றன. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பநிலையும் வேரின் ஆரோக்கியமும் மாறினால் உச்ச நேரமும் மாறும். அரை மணிக்கு ஒருமுறை ஓரிரு வேர்களை வெட்டித் தனித்தனிக் குப்பிகளில் நேரம் எழுதிப் போட்டுவையுங்கள். உங்கள் வெங்காயத்துக்கு எந்த நேரம் சரி என்று ஸ்லைடே காட்டிவிடும்.

நெகிழ்த்துதல்

தாவரச் செல்களைப் பெக்டின் பசை ஒட்டி வைத்திருக்கிறது. அதைக் கரைக்காமல் எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் பிரிந்து பரவாது. கட்டியாகவே கிடக்கும். இதற்கு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. அடர் அமிலம் சுமார் 8.3 மி.லி. எடுத்து, மொத்தம் 100 மி.லி. வரும்வரை நீரில் கலந்தால் கிடைக்கும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

பதப்படுத்திய வேரை நீரில் அலசி, 60 டிகிரி வெப்பநிலையில் உள்ள அமிலத்தில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். வெந்நீர்த் தொட்டியில் சிறு சோதனைக்குழாயை நிறுத்தினால் வெப்பநிலை ஓரளவு நிலையாக இருக்கும். நேரத்தைக் கடிகாரம் பார்த்தே அளக்க வேண்டும். குறைந்தால் கட்டி பிரியாது. மிகுந்தால் திசு கூழாகி, சாயமும் மங்கலாகப் பிடிக்கும். அமிலத்திலிருந்து எடுத்ததும் மூன்று முறை நீரில் அலசுங்கள்.

நிறமேற்றுதல்

1 சதவீத அசிட்டோகார்மைன் போதும். 45 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மி.லி.யில் 1 கிராம் கார்மைன் சேர்த்து மெல்லக் கொதிக்கவைத்து, ஆறவைத்து வடிகட்டினால் அதுதான். ஆவி மூக்கைத் துளைக்கும், ஆகவே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஸ்லைடில் விட்ட சாயத் துளியில் வேர் நுனி 10 முதல் 15 நிமிடம் ஊறட்டும். இடையே ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கின் மேல் ஓரிரு நொடி காட்டி, புறங்கையில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதித்தால் குமிழியும் வறட்சியும் சேர்ந்து ஸ்லைடைக் கெடுத்துவிடும். ஆல்கஹால் குப்பி விளக்கின் பக்கத்திலேயே வேண்டாம்.

கார்மைன் நன்றாகப் பிடிக்கக் கொஞ்சம் இரும்பு உதவும். இரும்பு ஊசியால் சாயத் துளியைச் சிறிது நேரம் கிளறினாலே நிறம் அடர்த்தியாவது தெரியும். அளவுக்கு மீறினால் சைட்டோபிளாசமும் கறுத்துவிடும், குரோமோசோம் தனித்துத் தெரியாது.

நசுக்குதல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சாயமேறிய வேரில் நுனியின் 1 முதல் 2 மி.மீ. மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியுங்கள். பிரியும் செல்கள் இருக்கும் இடம் அவ்வளவுதான். அதற்கு மேலே உள்ளவை நீளத் தொடங்கிவிட்ட செல்கள். நுனியைக் கண்ணால் அடையாளம் காண்பது எளிது. செல்கள் நெருக்கமாகவும் நியூக்ளியஸ்கள் பெரிதாகவும் இருப்பதால் அங்கே சாயம் அடர்ந்து பிடித்திருக்கும்.

ஸ்லைடில் புதிதாக ஒரு சிறு துளி 45 சதவீத அசிட்டிக் அமிலம் அல்லது சாயம் விட்டு, நுனியை வைத்து, கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்வாக இறக்குங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகப் பலமுறை தட்டுங்கள். திசு மேகம்போல் பரவும். பிறகு ஒற்றுத்தாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேர் கீழாக ஒரே அழுத்து. கவர் ஸ்லிப் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு திரிந்து, குரோமோசோம்கள் நூலாக இழுபடும். ஓரங்களில் நகப்பூச்சுத் தடவினால் ஓரிரு நாள் காயாமல் இருக்கும்.

எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

முதலில் 10 மடங்கு லென்ஸ். சிறிய, சதுரமான, பெரிய நியூக்ளியஸ் உள்ள செல்கள் நிறைந்த இடத்தைத் தேடுங்கள். எங்கு பார்த்தாலும் நீள்சதுரச் செல்கள் என்றால் நுனியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். தளர்ந்து, உருண்டு, வெளிறிக் கிடப்பவை வேர் மூடியின் செல்கள், அவற்றில் பிரிதல் இருக்காது. கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டம் என்றால் அது காற்றுக் குமிழி. சரியான இடம் கிடைத்ததும் 40 மடங்குக்கு மாறுங்கள். 10 மடங்குக் கண்லென்ஸோடு சேர்த்து 400 மடங்கு. இதற்கு மேல் தேவைப்படாது.

இடைநிலைச் செல்லில் நியூக்ளியஸ் சீரான பொடிமணல்போல் இருக்கும், உள்ளே நியூக்ளியோலஸ் என்ற சிறு உருண்டை தெரியும். டிஎன்ஏ இரட்டிப்பதும் இந்தக் காலத்தில்தான், ஆனால் கார்மைன் ஸ்லைடில் அது கண்ணுக்குத் தெரியாது. நூல்கண்டு தெரியத் தொடங்கினால் புரோபேஸ். தொடக்கப் புரோபேஸையும் இடைநிலையையும் குழப்பிக்கொள்வது சகஜம். நூல் நூலாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால் மட்டுமே புரோபேஸ் என்று ஒரே விதியை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். மெட்டாபேஸ் பக்கவாட்டில் ஒரு பட்டையாகத் தெரியும். துருவப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தால் அதுவே பூப்போல விரிந்திருக்கும், அதை வேறு ஏதோ நிலை என்று எண்ணிவிடாதீர்கள். அனாபேஸில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே விலகும். ஒவ்வொன்றிலும் 16. இழுபடும் இடமான சென்ட்ரோமியர் முன்னே போக, கைகள் பின்தொங்குவதால் குரோமோசோம்கள் ‘வி’ அல்லது ‘ஜெ’ எழுத்துப்போல வளைந்திருக்கும். டீலோபேஸில் இரண்டு சிறிய நியூக்ளியஸ்களுக்கு நடுவே மெல்லிய கோடாகச் செல் தட்டு உருவாகும். விலங்குச் செல் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோலக் குறுகிப் பிரியும். சுவர் உள்ள தாவரச் செல்லால் குறுக முடியாது. கோல்கை உறுப்பிலிருந்து வரும் பைகள் நடுவில் ஒன்றுகூடி, உள்ளிருந்து வெளிப்புறமாகச் சுவரைக் கட்டுகின்றன.

அனாபேஸைத் தேடி அலுத்துப்போவீர்கள். அதற்குச் செல்லுக்குள் நடக்கும் உரையாடல்தான் காரணம். குரோமோசோம்களைப் பற்றி இழுக்கும் கதிர்கோல் இழை பற்றாத ஒரே ஒரு குரோமோசோம் மிச்சமிருந்தாலும் அதன் சென்ட்ரோமியர் பகுதி ‘பொறு’ என்ற சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். செல் மெட்டாபேஸில் காத்திருக்கும். கடைசிக் குரோமோசோமும் பற்றப்பட்டதும் சமிக்ஞை நிற்கிறது. செபரேஸ் என்ற நொதி, இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகளான சகோதரிக் குரோமாட்டிடுகளைக் கட்டிவைத்த கொஹெசின் வளையங்களை வெட்டுகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகிவிடும். காத்திருப்பு நீளலாம், விலகல் சட்டென்று முடியும்.

செல்களுக்கு இடையிலும் பேச்சு உண்டு. தண்டுப் பகுதியிலிருந்து இறங்கி வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியில் சேர்ந்து ‘பிரிந்துகொண்டே இரு’ என்கிறது. சற்று மேலே சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் ‘போதும், உன் வேலைக்குத் தயாராகு’ என்கிறது. இவ்விரண்டின் இழுபறிதான் பிரியும் பகுதியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் பிளேடால் வெட்டிய அந்த 2 மி.மீ. எல்லை அங்கிருந்து வருவதுதான்.

எண்ணுதல்

பார்ப்பதோடு நிறுத்தாமல் எண்ணினால் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தெரியும். பல புலங்களில் குறைந்தது 500 செல்களாவது எண்ணுங்கள். அழகாகப் பிரியும் இடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்லைடை ஒரு வரிசையாக நகர்த்தி, நுனிப் பகுதியில் வருவதையெல்லாம் சேர்க்க வேண்டும். கணக்குக்காக 800 செல்களில் 72 பிரிகின்றன என்று கொள்வோம்: புரோபேஸ் 48, மெட்டாபேஸ் 10, அனாபேஸ் 6, டீலோபேஸ் 8. பிரியும் செல்களின் பங்கான மைட்டாட்டிக் குறியெண் 72/800, அதாவது 9 சதவீதம். ஒரு பிரிதலிலிருந்து அடுத்த பிரிதல் வரையான முழுச் சுழற்சி 20 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால் புரோபேஸுக்கு 72 நிமிடம், மெட்டாபேஸுக்கு 15, அனாபேஸுக்கு 9, டீலோபேஸுக்கு 12. கூட்டத்தில் அதிகம் இருக்கும் நிலை அதிக நேரம் எடுக்கும் நிலை என்பதே அடிப்படை. இது தோராயக் கணக்கு. இப்போதுதான் பிரிந்து முடித்த இளம் செல்கள் கூட்டத்தில் மிகுந்திருப்பதால், பிரிதலுக்கான நேரத்தைச் சற்றுக் குறைத்தே காட்டும்.

பிரியும் செல்லே தென்படவில்லை என்றால் சாயத்தைக் குறை சொல்லும் முன் வேரைச் சந்தேகியுங்கள். முதிர்ந்த வேர், குளிர்ந்த அறை, மாற்றாத நீர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஸ்லைடு பழகியதும்

குரோமோசோம்களைப் பரப்பி எண்ண, 1938-இல் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் ஆராய்ந்த கோல்கிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. கதிர்கோல் உருவாவதைத் தடுத்துச் செல்லை மெட்டாபேஸில் நிறுத்திவிடும். ஆனால் அது கடும் நஞ்சு. முறையான ஆய்வகத்துக்கு வெளியே தொடவே வேண்டாம்.

அதைவிட நிறையச் சொல்லித்தருவது கஃபீன். 1 லிட்டர் நீரில் சுமார் 1 கிராம் தூய கஃபீன் கரைத்து, வெங்காயத்தை வெட்டாமல் வேர்களை மட்டும் 1 மணி நேரம் அதில் நிறுத்துங்கள். தூளை எடைபார்க்கும்போது வாயில் படாமல் கவனமாக இருங்கள், சில கிராம் உள்ளே போனாலே ஆபத்து. கஃபீன் குரோமோசோம் பிரிவதைத் தடுப்பதில்லை, செல் தட்டு கட்டப்படுவதைத்தான் தடுக்கிறது. அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் டீலோபேஸைக் கடந்த செல்கள் சுவரில்லாமல் இரட்டை நியூக்ளியஸோடு நிற்கும். சில வேர்களை உடனே பதப்படுத்துங்கள். மற்றவற்றை நன்றாக அலசி, வெங்காயத்தைத் தூய நீருக்கு மாற்றி, அடுத்த நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை ஓரிரு வேர் வெட்டி வாருங்கள். அந்தச் செல்கள் மறுபடி பிரியும் முறை வரும்போது, ஒரே சைட்டோபிளாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு நியூக்ளியஸ்களும் ஏறக்குறைய ஒன்றாகவே புரோபேஸில் நுழைவதை ஒரே செல்லுக்குள் பார்க்கலாம்.