பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு நாலு ரெக்கார்டிங்: ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

ஒரே சிம்பொனியின் நாலு ரெக்கார்டிங்கை வைத்துக்கொண்டு ‘எது பெஸ்ட்?’ என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் சண்டைதான் மிஞ்சும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். முழுவதும் வேண்டாம், ஒரு நிமிடப் பகுதி போதும். தக்கலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கூடுகிறவர்கள் எல்லோரும் சர்ச் பாடகர் குழு ஆட்கள். ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் அக்கா ஒருவர், வயலின் வாசிக்கும் தம்பிமார், டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடும் நான். எங்களுக்குப் பழகியது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் நாலு பகுதிகள் கொண்ட இசை. அதை வைத்தே சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கத்தை எடுக்காதீர்கள். அதில் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு கட்சியில் சேர்ந்திருப்பார்கள். மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குள் நுழைகிற இடத்தை எடுங்கள். தந்திக் கருவிகள் அசையாமல் சுரத்தைப் பிடித்து நிற்க, டிம்பனி முரசு மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். வயலின் தயங்கித் தயங்கி மேலே ஏறும். ஏறக்குறைய அரை நிமிடம் இப்படியே போய், கடைசியில் சத்தம் மளமளவென்று கூடி, சி மேஜரில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வெடிக்கும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன்களும், சின்னப் புல்லாங்குழலான பிக்கலோவும், மிகத் தாழ்ந்து ஒலிக்கும் மரக்குழலான கான்ட்ரா பசூனும் முதன்முதலில் வாய் திறப்பது அங்கேதான். முரசின் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா, வெறும் உறுமலாகக் கேட்கிறதா? வெடிப்பதற்கு முன் கண்டக்டர் (ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்) வேகத்தை இழுத்துப் பிடிக்கிறாரா? டிராம்போன் தெரிகிறதா, டிரம்பெட்டுக்குள் மறைந்துவிடுகிறதா? இவற்றுக்கு மட்டும் காது கொடுத்தால் போதும்.

இந்த இரண்டு பகுதிகளும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வருபவை. சில ஆப்களும் பிளேயர்களும் இடையில் ஒரு நொடி மௌனத்தைச் செருகிவிடும். அப்படிக் கேட்டால் எந்தக் கண்டக்டருக்கும் நியாயம் கிடைக்காது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் வால்யூம். ரொம்ப முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிற ரெக்கார்டிங்தான் நல்லது என்று காது நம்பிவிடும். கேட்பவர் உட்காரும் நாற்காலியில் போனை வைத்து, டெசிபல் காட்டும் ஆப் ஒன்றில் அந்த வெடிக்கும் இடத்தை அளந்து, எல்லா ரெக்கார்டிங்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய இடம் கேட்கவில்லையே என்று நடுவில் வால்யூமைத் தொடக்கூடாது. எங்கள் ஊரில் ஆனி, ஆடி மழையில் ஷீட் கூரைக்குக் கீழே அந்த டிம்பனி கேட்கவே கேட்காது. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த வாரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஒருவர் மட்டும் ஓட்டட்டும். யாருடைய ரெக்கார்டிங் என்று அவர் சொல்லக்கூடாது. மற்றவர்கள் கேட்டதைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பேசும்போது வயதில் சின்னவர் முதலில், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் தம்பிமார் எல்லோரும் “சரிதான் அண்ணே” என்று முடித்துவிடுவார்கள். எழுதி வைத்த நல்ல வரிகள் பையிலேயே கிடக்கும்.

எந்த நாலு கண்டக்டர்கள்? ஃபுர்ட்வாங்லர் 1947 மே மாதம் பெர்லினில் நடத்திய கச்சேரிப் பதிவு, கிளெம்பரர் லண்டனின் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது, கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு 1974-ல் செய்தது, பழங்கால வாத்தியங்களோடு 1994-ல் வந்த ஜான் எலியட் கார்டினருடையது. இந்த நாலும் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும். கார்டினரில் சுருதியே சற்று இறங்கியிருக்கும், அதைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது கிளெம்பரர். வேகம் குறைவுதான், ஆனால் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைப்பார். நடுக்குரல்கள் எல்லாம் தெளிவாக விழும். ஆல்டோ அக்காவுக்கும் அவர்தான். வயலின் தம்பிமார் கிளைபரை விட்டு அசைய மாட்டார்கள்.

இன்னொரு இடமும் சோதித்துப் பாருங்கள். முதல் பகுதியில் இரண்டாம் கருவை, அதாவது இரண்டாவது முக்கிய மெட்டை, ஹார்ன்கள் என்ற பித்தளைக் குழல்கள் முழங்கி அறிவிக்கும். அதே அழைப்பு பிற்பாடு திரும்ப வரும்போது பீத்தோவன் அதைத் தாழ்ந்த குரல் மரக்குழல்களான பசூன்களுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கால ஹார்னில் வால்வு கிடையாது, அந்தச் சுருதியில் அதை வாசிக்க முடியாது. பின்னால் வந்த கண்டக்டர்கள் பலர் அங்கேயும் ஹார்னையே வைத்தார்கள். பசூனாக வரும்போது கொஞ்சம் கரகரப்பாக, மெலிந்து ஒலிக்கும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. உங்கள் கூட்டத்தில் இதற்கு மட்டுமே ஒரு சாயங்காலம் போய்விடும், போகட்டும்.

நிமிடக் கணக்கை மட்டும் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். முதல் பகுதியின் தொடக்கத்தில் ஏறக்குறைய கால்வாசியை ஒருமுறை திரும்ப வாசிக்கச் சொல்லிக் குறி இருக்கிறது. அதை விட்டுவிட்டவருடைய பதிவு ஒன்றரை நிமிடம் வரை குறையும்.

நோட்டில் எழுதும்போது கண்டக்டர் பெயரோடு ஆர்க்கெஸ்ட்ராவையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘கராயன்’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு மட்டும் அவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நாலையும் ஒரே நாளில் போட வேண்டாம். கிளைபர், கார்டினர் இரண்டோடு ஆரம்பியுங்கள்.