பிள்ளை என்ற பெயரும் கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டமும்: டர்பனுக்குப் புறப்படும் மதுரைக்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் என்பதால், அங்கே வேலை கிடைத்துப் புறப்படும் இளைஞர்கள் தங்கள் கோப்புகளோடு திருநகரில் உள்ள என் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, இரவில் வெளியே போகலாமா, பொன்னி அரிசி கிடைக்குமா என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஆனால் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நான் கேட்டால், அது ஏஜென்ட் பார்த்துக்கொண்டது என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. அந்தக் கட்டத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசா விண்ணப்பம் வி.எஃப்.எஸ். மையம் வழியாகப் போகும். அரிய திறன் விசாவுக்குப் பட்டச் சான்றிதழைச் சாக்கா என்னும் தகுதி ஆணையம் மதிப்பிட்டுத் தரவேண்டும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பமும், அதன்மேல், வெளிநாட்டில் அவற்றை ஏற்கச் செய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். போய் இறங்கிய பிறகு வீட்டு ஒப்பந்தம், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, வருமான வரி எண் என்ற வரிசையில் போனால் போதும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்கிற எவருக்கும் இவை முடிந்துவிடும். இத்தனை தாள்களிலும் ஒரே ஆளின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் திருமங்கலம் பக்கத்துக்காரர். உண்மைப் பெயர் வேண்டாம், முத்துக்குமார் என்றும் தந்தை சுப்பையா பிள்ளை என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பட்டத்திலும் அவர் எஸ். முத்துக்குமார். நம் ஊரில் அதற்கு மேல் எவரும் கேட்டதில்லை. கடவுச்சீட்டு எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதவேண்டும் என்ற விதி வந்தது. அது சரியான விதிதான். ஏஜென்ட் வீட்டிலிருந்த பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் குடும்பப்பெயர் கனமாக இருப்பது நல்லது, டர்பனில் பிள்ளை என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லி, ஆதாரையும் அதற்கேற்பத் திருத்த வைத்து, குடும்பப்பெயர்க் கட்டத்தில் சுப்பையா பிள்ளை என்று இரண்டு சொற்களையும் ஏற்றிவிட்டார். மனைவியின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் அவருடைய தந்தையின் பெயர். குழந்தையின் கடவுச்சீட்டிலோ பிள்ளை என்ற ஒரு சொல் மட்டும். ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள்.

டர்பனில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது முகப்பில் இருந்த அம்மையாரின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையிலும் பிள்ளை என்றே இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு தன் முன்னோர் விட்டு வந்த நாட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியில் அவர் அன்பாகப் பேசி, வேலையை விரைவாகவே முடித்துக் கொடுத்தார். ஆனால் நம் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் ஐ என்ற எழுத்தில் முடிகிறது. அந்த நாட்டில் அது ஒய் என்ற எழுத்தில் முடியும். தன் பெயரை வாழ்நாளெல்லாம் எழுதிப் பழகிய விரல்கள் தம் வழக்கப்படியே எழுதிவிட்டன. இரண்டு சொற்களில் கடைசிச் சொல் மட்டும் குடும்பப்பெயராகவும், சுப்பையா நடுப்பெயராகவும் கணினியில் ஏறின. நண்பரும் பார்க்கவில்லை, அந்த அம்மையாரும் கவனிக்கவில்லை.

அந்த நாட்டில் நிறுவனங்கள் சம்பளத்தைச் செலுத்துவதற்கு முன்பு, கணக்கின் உரிமையாளர் இவர்தானா என்று வங்கியோடு கணினி வழியாக ஒத்துப் பார்ப்பது வழக்கம். அடையாள எண், இனிஷியல், குடும்பப்பெயர் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும். நண்பருக்கு எண் பொருந்தியது, மற்ற இரண்டும் பொருந்தவில்லை. சம்பளம் நின்றது. காரணம் என்ன என்று எவரும் உடனே சொல்லவில்லை, சரிபார்ப்பில் தோல்வி என்ற ஒரு வரி மட்டும் வந்தது. இரண்டாவது மாதச் சம்பளமும் தள்ளிப்போனபோது, வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்க மதுரையில் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பவேண்டியிருந்தது. வெளிநாட்டுக்குப் போனவன் ஊருக்குப் பணம் அனுப்புவான் என்றுதான் நாம் அறிவோம். ஊர் அவனுக்கு அனுப்பும்படி ஆனதை நினைக்கும்போது, கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டத்தை நிரப்பித் தரும் அந்த ஏஜென்ட்கள்மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வங்கிப் பதிவைத் திருத்தியபின் அடுத்த சிக்கல் வந்தது. விசாவை மாற்றும்போது, சாக்கா மதிப்பிட்ட பட்டம் எஸ். முத்துக்குமாருடையது, கடவுச்சீட்டு முத்துக்குமார் சுப்பையா பிள்ளையுடையது, இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். வயதான தந்தை மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கூரியரில் அனுப்பினார்.

அந்த வங்கி அம்மையாரின் பெயர் எப்படி ஒய்யில் முடிந்தது என்பதை அங்கே போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். குடும்பப்பெயர் என்று ஒன்று அவர்களிடம் இருக்கவில்லை. பிற்காலத்தில் பிறப்பு, திருமணம், பள்ளிச் சேர்க்கை என்று அரசு கேட்கக் கேட்க, சில குடும்பங்கள் சாதிப் பட்டத்தைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டன. எழுத்தர்களின் காதில் விழுந்தபடி கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று, முதலியார் மூட்லி ஆயிற்று. பட்டம் இல்லாத குடும்பங்களில் தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப்பெயராக நிலைத்தது. டர்பனில் பெருமாள், முனுசாமி, சுப்பிரமணி என்ற குடும்பப்பெயர்கள் பிள்ளை, நாயுடு என்பவற்றைப் போலவே மதிப்போடு வழங்குகின்றன.

பிள்ளை என்ற பட்டம் அரச குடும்பத்தாருக்கும் அரண்மனை அதிகாரிகளுக்கும் வழங்கியது. பின்னர் ஊர்க் கணக்கு எழுதியவர்களிடம் கணக்குப்பிள்ளை என்று நிலைத்தது. தமிழ்நாட்டில் வேளாளர் முதலிய சில சமூகங்களிலும், தென் கேரளத்தில் நாயர்களிடமும் அது ஊன்றியது. யாழ்ப்பாணத்தில் வேலுப்பிள்ளை, கணபதிப்பிள்ளை என்று இயற்பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடல் கடந்து போன இடமெல்லாம் அந்த இடத்து எழுத்தரின் மொழிக்கேற்ப உருமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியிலும் ரெயூனியன் தீவிலும் அது பூல்லே என்ற ஒலிப்புக்கு இடம்தரும் எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது. மொரீஷியசிலும் ஃபிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒய்யில் முடியும் வடிவம் பரவியது. சிங்கப்பூரில் 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு வந்திறங்கி மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்தவர் நாராயண பிள்ளை. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் பெரும்பாலான தமிழர்கள் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே பதிவேட்டில் இருக்கிறார்கள். டர்பனில் 1941-இல் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை அம்மையாரால் ஒய்யில் முடியும் அந்த வடிவம் உலகமெங்கும் அறிமுகமானது. தென்னாப்பிரிக்காவிலிருந்தும், 1987 இராணுவப் புரட்சிக்குப் பின் ஃபிஜியிலிருந்தும் மறுபடி குடிபெயர்ந்தவர்கள் வழியாக அது இன்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கனடாவிலும் இருக்கிறது. ஐயில் முடியும் பெயரைக் கண்டால் கேரளத்துக்காரரோ அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரோ என்றும், ஒய்யில் முடிந்தால் ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றலாக இருக்கலாம் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். அது ஊகம் மட்டுமே, விதியன்று.

பெயர் பிறந்த தமிழ்நாட்டிலோ அது பெயர்ப்பலகைகளிலிருந்து இறங்கிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். நம் மண்ணிலிருந்து போன ஒருவர் முன்னின்று நடத்திய காரியம் அது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. நம் தாத்தாக்கள் ஒரு கொள்கைக்காக இறக்கிவைத்த பட்டத்தை, விசா விண்ணப்பத்தில் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகப் பேரன்கள் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. டர்பன் பிள்ளைகளின் நிலை வேறு. கரும்புத் தோட்டத்திலிருந்தும், பின்னர் நிறவெறிச் சட்டங்களால் வீடு பறிக்கப்பட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டதிலிருந்தும் மீண்டு வந்த குடும்பங்களின் பெயர் அது. கிறித்தவர்களும் அப்பெயரில் இருக்கிறார்கள், நம் ஊரில் அந்தப் பட்டம் இல்லாத சமூகங்களிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அங்கே ஒருவர் பிள்ளை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், நீங்கள் எந்தப் பிள்ளை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நம்மவர் ஒருவர் கோயில் அன்னதானப் பந்தியில் அப்படிக் கேட்டதையும், கேட்கப்பட்ட பெரியவர் இலையைப் பார்த்தபடி பேசாமல் இருந்ததையும் நான் அருகிலிருந்து கண்டேன். அவமானமாக இருந்தது.

இனிச் செய்யவேண்டியவை. குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அமெரிக்க விசாவில் அப்படி விட்டவர்களுக்கு உள்ள ஒரே பெயர் குடும்பப்பெயராகிவிடும், இயற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யு. என்று விழும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்ததும், துபாய் வழியாகப் போகும் நம்மவர்கள் எத்தனை பேர் பதறினார்கள் என்பதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டத்தில் தந்தையின் இயற்பெயரை ஒரே சொல்லாக எழுதுங்கள். உங்கள் இனிஷியல் எந்த எழுத்தோ அதன் விரிவு அதுவேயாதலால், பள்ளிச் சான்றிதழுக்கும் கடவுச்சீட்டுக்கும் இடையில் கேள்வி எழுந்தாலும் விளக்குவது எளிது. பெருமாளும் முனுசாமியும் குடும்பப்பெயராக இருக்கும் ஊரில் சுப்பையாவும் இயல்பாகவே இருப்பார். குழந்தைக்கும் நீங்கள் எடுத்த அதே குடும்பப்பெயரையே, அதே எழுத்துக்கூட்டலில் எடுங்கள். மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தந்தை பெயர் இருப்பதில் தவறில்லை. அப்போஸ்டில் பெற்ற திருமணச் சான்றிதழ் அதற்குப் போதும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இல்லையென்றால், மதுரை மாநகராட்சியிலோ உங்கள் ஊர்ப் பதிவாளரிடமோ புறப்படுவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்துகொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. ஏற்கெனவே தவறாக அச்சாகியிருந்தால், ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கத்தில் உள்ள மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் விசாவுக்கு முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். விசா ஒட்டியபின் மாற்றினால் இரண்டு கடவுச்சீட்டுகளையும் சுமக்கவேண்டும்.

டர்பன் சென்றபின் வங்கி, வரி அலுவலகம், மருத்துவக் காப்பீடு, பள்ளி எதுவானாலும் பெயரை வாயால் சொல்லாதீர்கள், கடவுச்சீட்டைத் திறந்து முன்னால் வையுங்கள். பதிந்ததை அச்செடுத்துத் தரச்சொல்லி எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிழை நேர்ந்தால் பிரமாணப் பத்திரத்துக்கு வக்கீலைத் தேடி அலையவேண்டியதில்லை. அந்த நாட்டில் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றிப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கலாம், நகல்களுக்குச் சான்றொப்பமும் பெறலாம். காவல் நிலையம் என்றாலே தயங்குவது நம் ஊர்ப் பழக்கம். அந்தத் தயக்கத்தால் நண்பர் வாரக்கணக்கில் அலைந்து, பணமும் செலவழித்தார்.

இன்னொரு கடமையும் உங்களுக்கு உண்டு. நீங்கள் மதுரைக்காரர் என்று தெரிந்தவுடன் அங்குள்ள பிள்ளைகளும் பெருமாள்களும் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவேட்டு நகலைக் கொண்டுவந்து, இந்தக் கிராமம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்களில் மிகப் பலருடைய முன்னோர் வட ஆர்க்காட்டுக்காரர்கள். அந்த ஜில்லாவின் தமிழ்நாட்டுப் பகுதி இன்று பெரும்பாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அக்காலத்தில் மிகுதியாகப் போனவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனார்களே தவிர நேட்டாலுக்கு அன்று. ஆயினும் மதுரை ஜில்லா என்று எழுதிய பதிவுகளும் உண்டு. இராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய பதிவில் மதுரை என்று இருந்தால் இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனியோடு சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலும் அந்தக் கிராமத்தைத் தேடவேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தாலுகாப் பெயரோடு சேர்த்து, தெளிவான தமிழில் எழுதிக் கொடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து தேட அவர்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.