மினிட்ஸில் ஏறாத பேச்சு

முதல் தடவை கிராம சபையில் பத்து நிமிஷம் பேசினேன், குடிநீரைப் பற்றி. கை தட்டினார்கள். டீயும் பழம்பொரியும் சாப்பிட்டுத் திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த சபையில் பழைய மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை, வாசித்தபோது அந்தப் பத்து நிமிஷமும் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: ‘குடிவெள்ளப் பிரச்னம் சர்ச்ச செய்து.’ குடிநீர்ப் பிரச்சினையைப் பேசினார்களாம், அவ்வளவுதான்.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையோர வேலந்தாவளம் போகிற பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்த் திட்டங்களை ஊர்க்காரர்களே பேசி வகுக்கிற மக்கள் திட்டம் 1996-இல் வந்ததிலிருந்து, திட்டம் போடுகிற சபைகளில் வரவேற்புரை முடிந்ததும் குடிநீர், விவசாயம், பெண்கள் என்று குழு குழுவாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். மைக் கிடையாது, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிதான். அங்கே எப்படிப் பேசுவது என்று எங்கள் அயல்கூட்டத்து (அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழு) தங்கச்சிகள் கேட்டதால் எழுதுகிறேன்.

போகும் முன்னால் எதையாவது எண்ணிக்கொண்டு போங்கள். ‘தண்ணி சரியா வர்றதில்ல’ என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இரண்டாம் தடவை நான் சமையலறைக் காலண்டரின் ஒரு தாளைக் கிழித்து எடுத்துப் போனேன். தண்ணீர் வந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டிருந்தேன்: முப்பது நாளில் ஏழு வட்டம். கீழ்த்தெருவில் வீட்டுக்குப் பன்னிரண்டு குடம், மேட்டுத் தெருவில் ஐந்து. தாளை நடுவில் விரித்ததும் ஆளாளுக்குப் பேசியது நின்று, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு குழுவுக்கு ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். எங்கள் மாமா, தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடுகிற பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் ஆரம்பித்தால், மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி என்று போய்க்கொண்டே இருப்பார். சொல்வது உண்மைதான். ஆனால் அதை வார்டுக் குழு என்ன செய்ய முடியும்? மறித்துப் பேசாதீர்கள், கோபித்துக்கொள்வார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், ‘நீங்க சொல்றது சரிதானுங்க மாமா, அது ரெண்டு சர்க்காரும் பேச வேண்டியது. நம்ம மேட்டுத் தெரு வால்வ மொதல்ல எழுதிடலாங்களா?’ என்றேன். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

குறிப்பு எழுதுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். இடம், என்ன வேண்டும், எத்தனை என மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரட்டும்: ‘மேட்டுத் தெரு லைனுக்குத் தனியாக ஒரு வால்வு வேண்டும்.’ அவர் எழுதி முடிக்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

தமிழிலேயே பேசலாம், தயக்கம் வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவே 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் சில சொற்கள் காலை வாரும். ‘இது அவசரமுங்க’ என்று ஒரு தடவை சொன்னேன். தெற்குக் கேரளத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலர், பேச வாய்ப்புக் கேட்கிறேன் என்று நினைத்து, ‘பறயூ, பறயூ’ (சொல்லுங்கள்) என்றார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அதிலிருந்து ‘அத்யாவஸ்யம்’ என்கிறேன்.

பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களை ‘நீங்களும் ஏதாவது சொல்லுங்க’ என்றால் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ‘அக்கா, உங்க தெருவுக்கு எத்தன மணிக்குத் தண்ணி வருது?’ என்றேன். ‘ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மிணி. தூங்கிட்டா போச்சு’ என்றார். எங்கள் யார் கணக்கிலும் நேரம் இல்லவே இல்லை. அதையும் எழுத வைத்தோம்.

பழகுவதற்கு அயல்கூட்டமே போதும். பத்திலிருந்து இருபது பேர், தெரிந்த முகங்கள், சேமிப்புப் பணம் எண்ணும் நேரம். அங்கே ஒரு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். நாக்கு குழறினால் யார் சிரிக்கப் போகிறார்கள்? சிரித்தாலும் நம்மவர்கள்தானே.

கடைசியாக, குழுவின் குறிப்பில் போடுகிற கையெழுத்து. மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். எங்கள் குறிப்புத் தாளில் ‘மேட்டுத் தெரு’ என்பது ‘மேட்டுக்கடை’ என்று இருந்தது. எங்கள் வார்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் குறிப்பு எழுதியவர் ஒரு கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.