விசைப்படகு ஷாஃப்டுக்கு நைலான் புஷ்: அளவெடுப்பது முதல் விற்பது வரை

மண்டபத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் அறுவடைக் காலம். விசைப்படகுகள் கரையேறிய முதல் வாரத்திலேயே ஓடாவிகளும் (படகு கட்டும் தச்சர்கள்) இன்ஜின் மெக்கானிக்குகளும் இன்ஜினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஷாஃப்ட் படகின் பின்புறமாக வெளியேறும் இரும்புக் குழாய்தான் ஸ்டெர்ன் டியூப்; அதற்குள் ஷாஃப்டைத் தாங்கும் உருளை வடிவ உறையான புஷ் தேய்ந்திருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரிய வருகிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அடியில் சேறும் மணலும் கலந்து கிடப்பது. அந்தக் கலங்கல் நீர் புஷ்ஷுக்குள் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கிறது.

முன்பு எல்லோரும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ்தான் கேட்பார்கள். இப்போது விலை குறைவு என்பதாலும், மணல் சிக்கினாலும் ஷாஃப்டை அவ்வளவாக அறுக்காது என்பதாலும் நைலான் கேட்கிறார்கள். லேத் ஓட்டத் தெரிந்து, விற்பனைக்கென்று ஒரு பொருளைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவருக்கு இது நல்ல தொடக்கம்.

முதலில் அளவு. ஒன்றரை அங்குல ஷாஃப்ட் என்று சம்மாட்டி (படகு உரிமையாளர்) சொல்வதை எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. புஷ் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். தேய்ந்து பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்குப் புதிய புஷ் போடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான். குழாயின் உட்புறத்தையும் துரு நீக்கிச் சுத்தம் செய்த பிறகே அளக்க வேண்டும். வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. மைக்ரோமீட்டரும், துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் டயல் கேஜும் இல்லாமல் புஷ் விற்பனைக்கு இறங்க வேண்டாம். நான் மிட்டுடோயோ மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறேன். பழையதாகக் கிடைத்தாலும், அளவுக்கட்டையால் சரிபார்த்து வாங்கலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, தண்ணீரால் உயவு பெறும் புஷ்ஷுக்கு ஷாஃப்ட் விட்டத்தைப் போல நான்கு மடங்கு என்பது பழைய நல்ல விதி. 38 மி.மீ. ஷாஃப்ட் என்றால் ஏறத்தாழ 150 மி.மீ.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால் முதல் புஷ்ஷைச் செய்வதற்கு முன்பே ஒரு வளையத்தைக் கடைந்து வாளித் தண்ணீரில் பல வாரம் ஊற வைத்து அளந்தேன். உள்துளை சுருங்கவில்லை, பெரிதாகியிருந்தது. உப்பினால் துளை பெருகத்தான் செய்கிறது, ஷாஃப்டைப் பிடிக்காது என்று முடிவு செய்து, 38.10 மி.மீ. ஷாஃப்டுக்கு 38.40 மி.மீ. துளை வைத்துக் கொடுத்துவிட்டேன். தடைக்காலம் முடிந்து படகு கடலில் இறங்கிய ஐந்தாவது வாரம் பாம்பனிலிருந்து அந்தச் சம்மாட்டி வந்தார். "தம்பி, கரையில கையால சுத்துனா சுத்துச்சு. இப்ப பைப் ரெஞ்சு போட்டாலும் அசையல" என்றார். கப்ளிங்கைக் கழற்றி, ஷாஃப்டை இழுத்து எடுத்துப் பார்த்தபோது, வெள்ளை நைலானின் உட்புறம் முழுவதும் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. விளிம்பில் உருகிய நைலான் சுருண்டு நின்றது. புதிய புஷ்ஷையும் அவர் இழந்த கடல் நாட்களுக்கான தொகையையும் நான் கொடுத்தேன்.

காரணம் இதுதான். தனியாகக் கிடக்கும் வளையம் உப்பும்போது எல்லா அளவும் ஒரே விகிதத்தில் பெருகுகிறது, அதனால் துளையும் பெருகுகிறது. இரும்புக் குழாய்க்குள் செருகிய புஷ்ஷோ வெளிப்பக்கம் விரிய முடியாமல், பெருகிய பொருள் முழுவதையும் உள்நோக்கித் தள்ளுகிறது. வாளியில் நான் செய்த சோதனை நேர்மாறான விடையைத்தான் தந்திருக்கிறது. அழுத்திச் செருகியதாலும் துளை கொஞ்சம் குறைந்திருக்கும்; ஆனால் பெரும் பங்கு உப்பலுடையதே.

இதை ஒரு காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். குழாயின் உள்விட்டம் 54 மி.மீ., துளை 38.40 மி.மீ. என்று கொள்ளுங்கள். 54இன் வர்க்கம் 2916, 38.40இன் வர்க்கம் 1474.56, வித்தியாசம் 1441.44. பொருள் நீள அளவில் 1 சதவீதம் உப்பினால் பரப்பு 1.01 × 1.01, அதாவது 1.0201 மடங்காகும், 1441.44 இப்போது 1470.41 ஆகிறது. அதை 2916இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 38.02 மி.மீ. ஷாஃப்ட் 38.10, துளை 38.02! அதே 1 சதவீத உப்பலில் தனி வளையத்தின் துளையோ 38.78 காட்டும். இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனால் அது தவறினாலும் இடம் சற்று அதிகமாக விடும் பக்கமாகவே தவறும்.

உங்கள் கையில் உள்ள நைலான் தண்டு எவ்வளவு உப்பும் என்பதை விற்பவரிடம் கேட்காமல் நீங்களே கண்டுபிடியுங்கள். தண்டிலிருந்து 2 மி.மீ. தடிமனில் ஒரு வட்டு அறுத்து, விட்டத்தை அளந்து, நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சிறிய தராசில் எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அதே நீரில் ஆற விட்டு, துடைத்து எடை போடுங்கள். எடை கூடாமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். வட்டு மெல்லியதாக இருப்பதால் சில நாட்களில் முடிந்துவிடும். தடித்த துண்டானால் மிக நீண்ட காலம் பிடிக்கும். இறுதி விட்டத்தை முதல் விட்டத்தால் வகுத்தால் உப்பல் விகிதம் கிடைக்கும்.

விகிதம் தெரிந்த பின் கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். ஊறிய பிறகு 38.40 வேண்டும் என்றால் 1441.44ஐ 1.0201ஆல் வகுத்து, 2916இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 38.77 மி.மீ. அப்படியானால் முதல் நாளில் இடைவெளி 0.67 மி.மீ. இருக்கும், ஷாஃப்ட் தட்டுவது கேட்கும், சம்மாட்டிக்குக் கோபம் வரும். இதற்கு நான் கண்ட வழி நைலான் சுவரை மெல்லியதாக்குவது. குழாய்க்குள் ஒரு கன்மெட்டல் உறையைச் செருகி, அதற்குள் 46.40 மி.மீ. வெளிவிட்டமுள்ள நைலான் புஷ் வைத்தால் சுவர் 4 மி.மீ. மட்டுமே, 1 சதவீத உப்பலில் அதன் துளை 0.18 மி.மீ.தான் சுருங்கும். 38.57இல் துளையிட்டால் முதல் நாளிலும் தட்டல் குறைவு. உறைக்குச் செலவு கூடும். ஆனாலும் இந்த அமைப்பைத்தான் இப்போது எல்லோருக்கும் செய்கிறேன்.

கடைதலில் கவனிக்க வேண்டியவை சிலவே. கார்பைடு டிப்பை விட, எண்ணெய்க்கல்லில் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் நைலானை நன்றாக வெட்டுகிறது. மழுங்கிய டூல் வெட்டாமல் அழுத்தும், சூடேற்றும். சூடான நைலானில் எடுத்த அளவு பொய். நான் அரை மி.மீ. மிச்சம் வைத்து இரவு முழுவதும் ஆற விட்டு, காலையில் கடைசி வெட்டு எடுக்கிறேன். சக்கின் மூன்று தாடைகள் மெல்லிய சுவரை அழுத்தி மூன்று பக்கம் பிதுங்கச் செய்யும். சக்கில் வட்டமாகத் தெரிந்த துளை, கழற்றியதும் வட்டமாக இராது. பிளந்த இரும்பு வளையத்துக்குள் வைத்துப் பிடித்தால் இது தீரும். நைலான் சீவல் அறாமல் நாடா போல நீண்டு சக்கில் சுற்றும். அதைக் கையால் ஒருபோதும் இழுக்காதீர்கள். லேத்தை நிறுத்தி, கொக்கியால் எடுங்கள்.

உட்புறத்தில் நீளவாக்கில் ஆறு பள்ளங்கள், முனை முதல் முனை வரை திறந்தபடி இருக்க வேண்டும். தண்ணீர் போவதற்கும் மணல் வெளியேறுவதற்கும் அதுவே வழி. புஷ் சுழலாமல் இருக்க, இறுக்கமாக அடித்து ஏற்றுவதை விட, லேசாகச் செருகிப் பக்கவாட்டில் ஒரு திருகு வைப்பது நல்லது.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாக. சம்மாட்டிகள் நேரடியாக விளம்பரம் பார்த்து வாங்குவதில்லை. ஓடாவியும் மெக்கானிக்கும் சொல்வதைத்தான் வாங்குவார்கள். அவர்களில் இருவருக்கு முதல் புஷ்ஷை விலையில்லாமல் கொடுத்து, ஒரு பருவம் ஓட விட்டுப் பாருங்கள். விலை வைக்கும்போது அறுத்து வீணாகும் தண்டு, இரண்டாம் நாள் வேலை, பழுதானால் மாற்றிக் கொடுக்க ஒதுக்கும் தொகை ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். புதியவர்கள் இந்த மூன்றையும் மறந்துதான் நட்டப்படுகிறார்கள். தடைக்காலத்தில் படகுக்காரர் கையில் பணம் இருக்காது. பாதி முன்பணம், மீதி ஜூன் 15க்குப் பின் முதல் சில முறை கடலுக்குப் போய் வந்ததும் என்று பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் நீங்களே செய்துவிடலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தொண்டியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் பேசினார். கணக்குப்படி துளையைப் பெரிதாக வைத்தும் இரண்டு மாதமாகப் புஷ் உப்பவே இல்லை, ஷாஃப்ட் தட்டிக்கொண்டே இருக்கிறது என்றார். தண்டில் மிச்சமிருந்த துண்டை எடை போடச் சொன்னேன். 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள நைலான் துண்டு ஏறத்தாழ 225 கிராம் இருக்கும். அவருடையது 277 கிராம் இருந்தது. அவருக்கு நைலான் என்று சொல்லி விற்றது டெல்ரின் என்ற வேறொரு பிளாஸ்டிக். இரண்டும் வெள்ளைதான், கண்ணால் பிரிக்க முடியாது. டெல்ரின் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். விலை கட்டுப்படியானால் டெல்ரினே தொடக்கக்காரருக்கு எளிது என்பேன், ஏனென்றால் மேலே சொன்ன உப்பல் கணக்கு அதில் கிட்டத்தட்ட வேண்டியதில்லை. ஆனால் எதை வாங்கினாலும் முதலில் எடை போடுங்கள். தண்ணீரில் மிதந்தால் அது இரண்டுமே இல்லை, பாலிஎத்திலீன் போன்ற வேறொன்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு புஷ்ஷுக்கும் படகின் பதிவெண், தண்டின் எடை, வட்டின் உப்பல் விகிதம், கொடுத்த நாளின் துளை அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த தடைக்காலத்தில் அதே படகு கரையேறும்போது துளையை மறுபடி அளந்து பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன்.