நியோ4ஜேயை டாக்கரில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸை டாக்கரில், அதாவது மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில், எழுப்ப ஒரே கட்டளை போதும். 7474 போர்ட்டில் பிரவுசர், 7687-இல் நிரல்கள் பேசும் போல்ட், இரண்டையும் திறந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பும் நாளில்தான் தலைவலி தொடங்கும்.

பலர் வால்யூமுக்கு (கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம்) பெயர் கொடுத்து டேட்டா டைரக்டரியோடு இணைப்பதில்லை. அப்படி விட்டால் டாக்கரே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அடுத்த கன்டெய்னருக்கு வேறொரு வால்யூம் கிடைக்கும். திறந்து பார்த்தால் ஒரு நோட், அதாவது கிராஃபின் ஒரு புள்ளிகூட இருக்காது. பெரும்பாலும் பழைய தரவு எங்கும் போயிருக்காது, நீளமான ஹெக்ஸ் பெயரோடு வால்யூம் பட்டியலில் கிடக்கும். பதற்றத்தில், பயன்படாத வால்யூம்களை அழிக்கும் ப்ரூன் கட்டளையை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

அடுத்தது கடவுச்சொல். கன்டெய்னருக்கான அமைப்புகளைக் குறித்து வைக்கும் கம்போஸ் கோப்பில் நாம் எழுதுவது முதல்முறை, டேட்டா காலியாக இருக்கும்போது மட்டுமே எடுபடும். பிறகு அதை மாற்றி எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பழையதுதான் செல்லும். உள்ளே நுழைந்து, நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரில்தான் மாற்ற வேண்டும்.

மெமரிதான் எல்லாவற்றிலும் மோசம். கன்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு வைத்து, ஹீப்புக்கு (ஜாவாவின் வேலை மெமரி) 1, பேஜ் கேஷுக்கு (டிஸ்க் தரவை வைத்துக்கொள்ளும் மெமரி) 1 என்று பங்கு போட்டால் கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் நியோ4ஜேயை ஓட்டும் ஜாவா தன் த்ரெட்களுக்கும் மற்றவற்றுக்கும் தனியாக மெமரி கேட்கும். வரம்பு தாண்டியதும் லினக்ஸ் கெர்னல் அதை அடித்துப் போட்டுவிடும். நியோ4ஜே லாகில் காரணம் இருக்காது; எக்ஸிட் கோடு 137 என்று டாக்கர் சொல்வதுதான் முதல் தடயம். 4 ஜிபி இருந்தால் இரண்டுக்கும் ஆளுக்கு 1.5 கொடுத்து, மிச்சத்தைத் தொடாமல் விடுங்கள்.

நிறுத்தும்போதும் அவசரம் கூடாது. டாக்கர் வழக்கமாக 10 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் கொன்றுவிடும். பெரிய டேட்டாபேஸுக்கு அது பத்தாது. 2 நிமிடமாவது கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை எழும்போது ரெக்கவரி ஓடி, கதவு திறக்கவே நேரமாகும்.

எது புதிய பதிப்போ அதையே இழுக்கும் லேட்டஸ்ட் டேக் வேண்டவே வேண்டாம். பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். 4-இலிருந்து 5-க்குப் போனபோது பல செட்டிங்குகளின் பெயரே மாறிவிட்டது. தெரியாத பெயரைக் கண்டால் 5 எழ மறுத்துவிடும். பிடிவாதம்தான், ஆனாலும் சத்தமில்லாமல் விட்டுவிடுவதைவிட இது மேல்.

லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறோமே என்று நம்பி 7687-ஐ வெளியே திறக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1-ஐ (அதே கணினியின் முகவரி) சேர்த்தே எழுதுங்கள்.

பேக்கப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்யூமை நகலெடுப்பதும் ஆகாது. இலவசக் கம்யூனிட்டி பதிப்பில் சர்வரை நிறுத்திவிட்டு, அதே வால்யூமை இணைத்த இன்னொரு கன்டெய்னரில் டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்க வேண்டும்.